மலையில் சிங்கம், பைபாஸில் ஆமை... பழைய மிலிட்டரி டீசல் வண்டி ஏன் வேகம் எடுக்காது? நடுக்கடலில் மாயமான ருடால்ஃப் டீசலின் கதை!

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டிலிருந்து ஒரு பழைய மிலிட்டரி வண்டி கீழே இறங்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏலத்தில் எடுத்த வண்டி. பின்னால் மரவள்ளிக் கிழங்கோ, அன்னாசியோ, மிளகு மூட்டையோ ஏற்றியிருக்கிறது. காரவள்ளி வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் புது வண்டிகள் திணறும்போது இது மட்டும் அசராமல் உருண்டு வரும். அதே பாரத்தோடு திரும்ப மேலே ஏறச் சொன்னாலும் ஏறும்.

ஆனால், சேந்தமங்கலம் தாண்டி நாமக்கல் பக்கம் வந்து, தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஏறியதும் கதையே வேற. எவ்வளவு மிதித்தாலும் முள் 80-ஐத் தாண்டத் தயங்கும். இன்ஜின் கத்தும், ஸ்டீயரிங் நடுங்கும், பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்தே கொன்றுவிடும். வண்டி பழசு, இன்ஜின் போச்சு என்று பலரும் முடிவு கட்டிவிடுவார்கள். சிலர் நேராக மெக்கானிக்கிடம் போய் பம்ப்பைத் திருகச் சொல்வார்கள்.

உண்மையில் அந்த வண்டியில் ஒரு கோளாறும் இல்லாமலேயே இருக்கலாம். அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஏன் என்று புரிந்துகொள்ள, நாம் தினமும் சொல்லும் ஒரு சொல்லுக்குள் போக வேண்டும். டீசல். பங்க்கில் போடும் எண்ணெய்க்குப் பெயர் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர். 55 வயதில், ஒரு இரவுக் கப்பல் பயணத்தில் காணாமல் போன மனிதர்.

யார் இந்த டீசல்?

ருடால்ஃப் டீசல் ஜெர்மானியர். ஆனால் பிறந்தது பாரிஸில், 1858 மார்ச் 18-ம் தேதி. அப்பா தியோடர், ஆக்ஸ்பர்க் நகரத்திலிருந்து பிழைப்பு தேடி பாரிஸுக்குப் போனவர். புத்தகம் பைண்டிங் செய்வது தொழில், பிறகு தோல் பொருட்கள் செய்து விற்றார். பெரிய வசதியெல்லாம் இல்லை.

1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தது. பாரிஸில் இருந்த ஜெர்மானியக் குடும்பங்கள் ஊரை விட்டு வெளியேற வேண்டிய நிலை. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கேயும் கையில் காசில்லை. 12 வயது ருடால்ஃபை மட்டும் தனியாக ஆக்ஸ்பர்க்குக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே கணக்கு வாத்தியாராக இருந்த சித்தப்பா முறை உறவினர் வீட்டில் தங்கிப் படித்தான். போரால் துரத்தப்பட்டு, அப்பா அம்மாவைப் பிரிந்து, உறவினர் வீட்டில் வளர்ந்த பையன். 14 வயதிலேயே தான் இன்ஜினீயர் ஆகப்போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான்.

டீசலின் வாழ்க்கையை எழுதியவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு பொருள் இருக்கிறது. தீமூட்டும் குழாய். ஒரு பக்கம் அடைத்த குழாய்க்குள் அடக்கமான ஒரு தண்டு. நுனியில் கொஞ்சம் பஞ்சு. தண்டை ஒரே அடியாக உள்ளே தள்ளினால், குழாய்க்குள் இருக்கும் காற்று அழுத்தத்தில் சூடேறி, பஞ்சு பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம், நெருப்புப் பொறி வேண்டாம். தென்கிழக்கு ஆசியாவின் காட்டுவாசிகள் பல காலமாகப் பயன்படுத்திய சாமான் இது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே விஷயம்தான்.

மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் டீசலுக்குப் பேராசிரியராக இருந்தவர் கார்ல் வான் லிண்டே. குளிர்பதன இயந்திரங்களுக்குப் பேர் போனவர். ஒரு வகுப்பில் அவர் நீராவி இன்ஜின் பற்றிச் சொன்ன ஒரு கணக்கு மாணவர் டீசலின் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் 10 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நீராவி இன்ஜின் வேலையாக மாற்றுகிறது. மீதி 90 சதவீதம் புகையாகவும் சூடாகவும் வீண். இதைச் சரிசெய்ய முடியுமா என்று ஆராய வேண்டும் என நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வைத்தார். 1879-ல் டைபாய்டு காய்ச்சலால் தேர்வைத் தவறவிட்டு, 1880-ல் எழுதி மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு தேறினார்.

அதன் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் லிண்டேயின் கம்பெனி வேலை. பாரிஸில் ஐஸ் ஃபேக்டரி. 1883-ல் மார்த்தாவைத் திருமணம் செய்தார், மூன்று குழந்தைகள். பகலில் ஐஸ், மற்ற நேரமெல்லாம் இன்ஜின் கனவு. முதலில் அம்மோனியா ஆவியை வைத்து ஒரு இன்ஜினுக்கு ஆண்டுக்கணக்கில் முயன்றார். தேறவில்லை.

நெருப்பே இல்லாமல் எரியும் இன்ஜின்

பிறகுதான் தீமூட்டும் குழாயின் தத்துவத்துக்கு வந்தார். சிலிண்டருக்குள் காற்றை மட்டும் விட்டு, அதைக் கடுமையாக அழுத்துவது. காற்று தானாகவே கொதிநிலைக்கும் மேலே சூடாகும். அந்த நேரம் பார்த்து எரிபொருளை உள்ளே விட்டால், பிளக் இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1892 பிப்ரவரியில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு கிடைத்தது.

காகிதத்தில் சுலபம். செய்து பார்க்க ஒரு பட்டறை வேண்டுமே? சிறுவனாகத் தஞ்சம் புகுந்த அதே ஆக்ஸ்பர்க்கில் இருந்த இயந்திரத் தொழிற்சாலையின் கதவைத் தட்டினார். அதன் தலைவர் ஹைன்ரிக் வான் பூட்ஸ் முதலில் மறுத்தார், பிறகு சம்மதித்தார். பீரங்கிகளுக்குப் பேர் போன குருப் நிறுவனமும் பணம் போட்டது. இந்த ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இது மத்தியப் பிரதேசம் வரைக்கும் வரப்போகிறது.

1893 ஆகஸ்ட் 10. முதல் சோதனை. எரிபொருள் உள்ளே போனதும் பற்றியது, ஆனால் சிலிண்டருக்குள் எகிறிய அழுத்தத்தில் அளவுக் கருவியே தெறித்துப் பறந்தது. இன்ஜின் ஓடவில்லை. ஆனால் அழுத்தம் மட்டுமே நெருப்பு வைக்கும் என்பது நிரூபணம் ஆனது.

1894 பிப்ரவரி 17. இன்ஜின் முதல்முறையாகத் தன் சொந்த பலத்தில் சுற்றியது. எவ்வளவு நேரம்? ஒரே ஒரு நிமிடம். எத்தனை சுற்று? 88.

அந்த ஒரு நிமிடத்துக்காக ஒரு மனிதர் எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்று நினைத்தால் கொஞ்சம் தலை சுற்றும். அதன் பிறகும் மூன்று ஆண்டுகள் இழுத்தது. 1897-ல்தான் ஊரைக் கூட்டிக் காட்டும்படியான இன்ஜின் தயாரானது. ஒரே சிலிண்டர், ஆளுயரத்தைவிட அதிகமாக, சுமார் 3 மீட்டர் உயரம். சக்தி சுமார் 20 குதிரைத்திறன். அதாவது இன்றைய ஒரு நல்ல பைக்கின் சக்தி. ஆனால் எரிபொருள் வெப்பத்தில் 26 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாறியது. நீராவியின் 10 சதவீதத்தோடு ஒப்பிட்டால், உலகமே வாயைப் பிளந்ததில் ஆச்சரியமில்லை. அந்த இன்ஜின் இன்றும் மியூனிக் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இந்த இடத்தில் நம்ம மிலிட்டரி வண்டிக்கு ஒரு நிமிடம் வருவோம். அந்த 1897 இன்ஜின் நிமிடத்துக்கு 170 சுற்றை ஒட்டித்தான் ஓடியது. அந்த வேகத்தில் பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே வர, ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் கிடைக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் வண்டி இன்ஜினில் கிடைப்பது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு மட்டும்.

பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளும் காற்றும் முன்கூட்டியே கலந்து தயாராக இருக்கும். பொறி பட்டதும் குபீர். டீசலில் அப்படி இல்லை. எண்ணெய் துளித்துளியாகச் சீறி உள்ளே வந்து, சூட்டில் ஆவியாகி, காற்றோடு கலந்து, பிறகுதான் பற்ற வேண்டும். இவ்வளவும் அந்த நூறில் ஒரு பங்கு விநாடிக்குள் நடந்தாக வேண்டும். சுற்று வேகம் கூடக் கூட நேரம் போதாது, எரியாத எண்ணெய் கரும்புகையாக வெளியே போகும். தவிர, அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் எல்லாமே கனமாக இருக்க வேண்டும். கனமான சாமானை வேகமாக மேலும் கீழும் ஆட்டினால் தேய்மானம் எகிறும். அதனால்தான் டீசல் பம்ப்பில் கவர்னர் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் போனால் எண்ணெயை அது தானாகக் குறைத்துவிடும். மெக்கானிக்கிடம் சொல்லித் திருகச் சொல்வது பெரும்பாலும் இந்தக் காவல்காரனைத்தான்.

மெதுவாகச் சுற்று, ஆனால் பலமாகச் சுற்று. டீசல் இன்ஜினின் பிறவிக் குணம் அது.

கோடீஸ்வரர் ஆனார், பிறகு?

1897-க்குப் பிறகு டீசலின் வீட்டு வாசலில் கூட்டம். அமெரிக்க உரிமையை மட்டும் பீர் கம்பெனி முதலாளி அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். மியூனிக்கில் பெரிய மாளிகை கட்டினார் டீசல். 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய இன்ஜினுக்கு உயர்ந்த பரிசு. சிறுவனாக இருந்தபோது துரத்தப்பட்ட அதே பாரிஸ்.

அந்தக் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. ஆமாம், நம்ம ஊர் கடலை எண்ணெய்தான். பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால், ஒரு பிரெஞ்சு நிறுவனம் செய்து காட்டியது. ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் நிலக்கடலையிலேயே இன்ஜின் ஓட்ட முடியுமா என்று பார்க்க ஆசை. பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. ஆனால் தாவர எண்ணெய்க்கு ஒரு நாள் மதிப்பு வரும் என்று டீசல் கடைசி வரை நம்பினார், 1912-ல் அதைப் பற்றி விரிவாகவும் பேசினார்.

வெளியில் இருந்து பார்க்க எல்லாம் நன்றாக இருந்தது. உள்ளே வேறு. ஆரம்பத்தில் விற்ற பல இன்ஜின்கள் வாடிக்கையாளர் இடத்தில் நின்று போயின, பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஆக்ஸ்பர்க்கில் தனியாகத் தொடங்கிய டீசல் இன்ஜின் தொழிற்சாலை மூடப்பட்டது. காப்புரிமையை எதிர்த்து வழக்குகள். 1898-லேயே மன அழுத்தத்தில் நொறுங்கி மருத்துவ இல்லத்தில் சேர வேண்டி வந்தது. வந்த பணத்தை நிலத்திலும் எண்ணெய் வயல்களிலும் போட்டுத் தொலைத்தார். இன்ஜின் கணக்கில் புலி, பணக் கணக்கில் எலி என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு காயமும் இருந்தது. இந்த இன்ஜின் டீசலுடையதே இல்லை என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டே இருந்தது. காப்புரிமையில் அவர் எழுதிய தத்துவமும் கடைசியில் ஓடிய இன்ஜினும் ஒன்றல்ல என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மையும் உண்டு. முதலில் எழுதியபடி செய்திருந்தால் இன்ஜின் ஓடியிருக்காது, செய்து பார்த்துத்தான் மாற்றினார். இங்கிலாந்தில் அக்ராய்டு ஸ்டூவர்ட் என்பவர் டீசலுக்கு முன்பே, சூடான கிண்ணத்தில் எண்ணெயை எரிய வைக்கும் இன்ஜின் செய்திருந்தார் என்பதும் உண்மை. ஆனால் வெளிச் சூடு எதுவும் இல்லாமல், அழுத்தத்தின் சூட்டை மட்டுமே நம்பி ஓடும் இன்ஜினைப் பல ஆண்டு போராடி நிற்க வைத்தவர் டீசல்தான். இதை மறுத்து ஒரு பேராசிரியர் 1913-ல் தனிப் புத்தகமே வெளியிட்டார். அதே 1913-ல்தான் டீசலின் கடைசிப் பயணமும்.

அவருடைய ஆசை பெரிய கப்பலோ, பெரிய ஃபேக்டரியோ இல்லை. நீராவி இன்ஜின் வைக்க முதலாளிகளால்தான் முடிகிறது, சின்னப் பட்டறைக்காரனுக்கும் ஒரு மலிவான இன்ஜின் வேண்டும் என்பதுதான் தொடக்கத்தில் அவர் நினைத்தது. நம்ம ஊர்களில் கிணற்று மேட்டில் டொக் டொக் என்று ஓடிய ஆயில் இன்ஜினைப் பார்த்திருந்தால் மனுஷன் சந்தோஷப்பட்டிருப்பார்.

வண்டியில் பொருத்தவும் முயன்றார். 1908 வாக்கில் சுவிட்சர்லாந்தின் சஃபிர் நிறுவனத்தோடு சேர்ந்து லாரிக்கான சின்ன டீசல் இன்ஜின் ஒன்று செய்யப்பட்டது. எடுபடவில்லை. அந்தக் காலத்தில் எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஊதித் தள்ள அழுத்தப்பட்ட காற்று தேவைப்பட்டது. அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரசர். ஃபேக்டரியிலும் கப்பலிலும் அது பிரச்னை இல்லை. 1912-ல் செலாண்டியா என்ற டென்மார்க் கப்பல் டீசல் இன்ஜினில் கடலைத் தாண்டிப் போனது. ஆனால் லாரியில் கம்ப்ரசரைத் தூக்கி வைத்தால் பாரம் எங்கே ஏற்றுவது?

1913 செப்டம்பர் 29 இரவு

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில், டிரெஸ்டன் என்ற நீராவிக் கப்பலில் ஏறினார் டீசல். இங்கிலாந்தில் ஒரு கம்பெனிக் கூட்டம். கூட இரண்டு நண்பர்கள். இரவு உணவு முடிந்து, 10 மணி வாக்கில் அறைக்குப் போனார். காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லியிருந்தார்.

காலையில் அறையில் ஆள் இல்லை. படுக்கை கலையவில்லை. தொப்பியும் மேல்கோட்டும் கப்பலின் பின்புற கம்பி ஓரம் மடித்து வைக்கப்பட்டிருந்தன. டைரியில் அந்தத் தேதிக்கு நேராக ஒரு சிலுவைக் குறி.

10 நாட்களுக்குப் பிறகு ஒரு டச்சுப் படகு, கடலில் மிதந்த உடலைப் பார்த்தது. அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைந்திருந்தது. சட்டைப் பையில் இருந்த மாத்திரைச் சிமிழ், கண்ணாடி உறை, பேனாக்கத்தி போன்றவற்றை எடுத்துக்கொண்டு உடலைக் கடலுக்கே விட்டுவிட்டார்கள். அந்தப் பொருட்களைப் பார்த்து, அப்பாவுடையதுதான் என்று உறுதி செய்தவர் இளைய மகன் ஆய்கன்.

ஜெர்மன் உளவாளிகள் கொன்றார்கள், எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள் என்று அன்றிலிருந்து இன்று யூடியூப் வரைக்கும் கதைகள் ஓடுகின்றன. எதற்கும் ஆதாரம் இல்லை. ஆதாரம் இருப்பது வேறு ஒன்றுக்கு. பயணத்துக்கு முன் மனைவி மார்த்தாவிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம் திறக்கச் சொல்லியிருந்தார். உள்ளே ரொக்கப் பணமும், கணக்குகள் காலியாகிவிட்டதைக் காட்டும் காகிதங்களும் இருந்தன. கட்ட வேண்டிய கடன் தலைக்கு மேல். உலகத்தின் எரிபொருள் செலவைக் குறைத்தவர், சொந்த வீட்டுச் செலவில் திவாலாகி நின்றார்.

ஆக்ஸ்பர்க்கில் இருந்து ஜபல்பூருக்கு

டீசல் இறந்து 11 ஆண்டுகள் கழித்துத்தான் அவர் பெயர் ரோட்டுக்கு வந்தது. கம்ப்ரசருக்குப் பதில், எண்ணெயைப் பம்ப்பாலேயே நேரடியாகச் சீறவிடும் முறையைக் கண்டுபிடித்தார்கள். இதைச் செய்ததும் அதே ஆக்ஸ்பர்க் தொழிற்சாலைதான். இடையில் நியூரம்பெர்க் கம்பெனியோடு இணைந்து அதன் பெயர் எம்.ஏ.என். (மான்) என்று மாறியிருந்தது. 1924-ல் அவர்களுடைய டீசல் லாரி, ஆக்ஸ்பர்க்கில் இருந்து நியூரம்பெர்க்குக்கு 140 கி.மீ. தூரத்தை ஐந்தரை மணி நேரத்தில் கடந்தது. கணக்குப் போட்டால் மணிக்கு 25 கி.மீ. சொச்சம். நெடுஞ்சாலையில் டீசல் வண்டியின் முதல் ஓட்ட வேகம் ஏறக்குறைய இதுதான்.

டீசல் சுலபத்தில் தீப்பிடிக்காது, குறைந்த எண்ணெயில் அதிக தூரம் போகும். ராணுவங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதே மான் நிறுவனத்தின் ஒரு லாரியைத்தான் 1950-களின் கடைசியில் இந்தியா தேர்ந்தெடுத்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் வி.கே.கிருஷ்ண மேனன். லைசென்ஸ் வாங்கி ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் செய்தார்கள். பெயர் சக்திமான். கடைசி எழுத்துகளில் மான் ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? 1996 வரைக்கும் தயாரானது. அதன் இடத்துக்குப் பிறகு வந்தது நம்ம சென்னை அசோக் லேலண்டின் ஸ்டாலியன்.

சக்திமானின் தாய்நாட்டு அண்ணன் ஒன்று உண்டு. ஜெர்மன் ராணுவம் வைத்திருந்த மான் 630. ஆறு சிலிண்டர், 8 லிட்டருக்கு மேல் பெரிய இன்ஜின். அதன் உச்ச வேகம் எவ்வளவு தெரியுமா? மணிக்கு 66 கி.மீ. அதுவும் வேகத்துக்குப் பேர் போன நெடுஞ்சாலைகள் இருக்கும் நாட்டில்! கான்வாயில் எல்லா வண்டியும் ஒரே சீராகப் போக வேண்டும், சேற்றில் சிக்கினால் வெளியே வர வேண்டும். ராணுவம் கேட்டது அவ்வளவுதான்.

இந்தியாவில் ராணுவ ஏலத்தில் வந்த சின்ன வண்டிகளான ஜோங்காவும், நிசான் ஒரு டன் வண்டியும் பிறப்பில் பெட்ரோல். வாங்கியவர்கள் செலவுக்குப் பயந்து பிறகு டீசல் இன்ஜின் மாற்றிக்கொள்வது வழக்கம். பிறப்பிலேயே டீசலான மிலிட்டரி பிக்கப்புக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1980-களில் செவர்லே நிறுவனம் ராணுவத்துக்குச் செய்த எம் 1008. இன்ஜின் 6.2 லிட்டர் டீசல். நிமிடத்துக்கு 3,600 சுற்றில் கவர்னர் பிடித்துவிடும்.

ரகசியம் இன்ஜினில் பாதி, ஆக்சிலில் மீதி

ஒவ்வொரு வண்டியின் ஆக்சில் நடுவிலும் கிரவுன்-பினியன் இருக்கும். இன்ஜின் பக்கத்துத் தண்டு எத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும் என்பதை முடிவு செய்வது அதுதான். எம் 1008-ல் இந்தக் கணக்கு 4.56. அதாவது சக்கரம் ஒரு சுற்று போக, டாப் கியரில் இன்ஜின் நாலரைக்கு மேல் சுற்ற வேண்டும். டயர் ஒரு சுற்றுக்கு சுமார் இரண்டரை மீட்டர் உருளும். 80 கி.மீ. வேகத்தில் இன்ஜின் 2,400-ஐத் தாண்டும். 90-ல் 2,700. 100-ல் 3,000. 118-ஐத் தொடும்போது கவர்னர் கதவைச் சாத்திவிடும்.

அதே ராணுவம், அதே செவர்லே, அதே இன்ஜினை எம் 1009 என்ற ஜீப் மாதிரி வண்டியிலும் வைத்தது. ஆனால் பாரம் இழுக்க வேண்டாம் என்பதால் ஆக்சில் கணக்கு 3.08. அது 100-ல் போகும்போது இன்ஜின் சுற்றுவது 2,100-ஐ ஒட்டித்தான். ஒன்று சத்தமில்லாமல் போகும், மற்றொன்று காதைக் கிழிக்கும். இன்ஜினில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அப்படியானால் எந்த வேகத்தில் ஓட்டலாம்? பழைய டீசலை மணிக்கணக்கில் ஓட்டும்போது கவர்னர் சுற்றின் முக்கால் பங்கை ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. மேலே சொன்ன பிக்கப்புக்கு அது 80-லிருந்து 90 கி.மீ.க்குள் வரும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று தெரிய, கவர்னர் சுற்று, ஆக்சில் கணக்கு, டயர் சுற்றளவு மூன்றும் போதும்.

காற்று வேறு இருக்கிறது. மிலிட்டரி வண்டியின் முகம் பெட்டி மாதிரி. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போக, காற்றுக்கு மட்டுமே ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். அதனால் கடைசி 20 கி.மீ. வேகத்துக்குக் கொடுக்கும் டீசல் காசு ரொம்ப அதிகம். பழைய டிரம் பிரேக், பெரிய பட்டன் டயர் இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அந்த வண்டி 100-ல் போவதைவிட 100-ல் நிற்பதுதான் பெரிய கவலை.

சிலர் கிரவுன்-பினியனை மாற்றிவிடலாம் என்பார்கள். மாற்றலாம், பைபாஸில் வேகம் வரும். ஆனால் காரவள்ளியில் இருந்து மேலே ஏறும்போது பலம் போய்விடும். 1,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டிய மலை அது. இறங்கும்போது இன்னும் மோசம். டீசலில் காற்றை அடைக்கும் மூடி இல்லாததால், ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் பிடிப்பது பெட்ரோலைவிடக் குறைவு. அந்தக் குறையைக் கீழ் கியரும், 4.56 மாதிரி பெரிய ஆக்சில் கணக்கும்தான் ஈடுகட்டுகின்றன. ஏறின கியரிலேயே இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் பழக்குவது இதனால்தான். நியூட்ரலில் விட்டு இறங்குவது பிரேக்கைச் சுட்டுவிடும். அதேபோல, கீழ் கியரில் வண்டி சரிவில் தள்ளித் தள்ளி சுற்று எகிறினால் கவர்னரால் ஒன்றும் செய்ய முடியாது. அது எண்ணெயைத்தான் நிறுத்தும், பின்னால் தள்ளும் பாரத்தை நிறுத்தாது. அங்கே கால் பிரேக்கில் இருக்க வேண்டும்.

ஆலத்தூர் நாட்டில் இருப்பவருக்கு வாரத்தில் ஆறு நாள் மலைதான் ரோடு, ஒரு நாள்தான் நாமக்கல். அந்த ஒரு நாளுக்காக ஆக்சிலைக் கழற்றுவதற்கு முன், காலையில் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பிப் பார்க்கலாம். இடது ஓரம், 70-75 வேகம். ஹாரன் அடிக்கும் பஸ்ஸுக்கு வழி விட்டுவிட்டால் போதும்.